பழைய காரில் சூடு ஏறுகிறதா? எப்போது ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

பழைய கார் சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "ரேடியேட்டர் போச்சு, மாத்திடலாம்" என்பார்கள். இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை) கழற்றி எறிந்துவிட்டு "இனிமே சூடே ஆகாது" என்பார்கள். சில சமயம் இது பலிக்கவும் செய்யும். பலிக்காதபோது அடுத்து வாட்டர் பம்ப், அதற்கடுத்து ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவோம், டேஷ்போர்டில் வெப்ப முள் மட்டும் சிவப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

சூடு எப்போது ஏறுகிறது என்பதைச் சரியாகக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நெரிசலில் நிற்கும்போதா, வேகமாகப் போகும்போதா, மேடு ஏறும்போதா, கிளம்பிய ஐந்து நிமிடத்திலா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கீழே அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் காரின் குணம் எங்கே பொருந்துகிறதோ அங்கிருந்து படியுங்கள், அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

மூடியில் கை வைக்கும் முன்

பாதி கூலன்ட், பாதி தண்ணீர் கலந்த கலவை (இனி சுருக்கமாகத் தண்ணீர் என்றே சொல்கிறேன்) திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அதை அழுத்தத்தில் பிடித்து வைத்திருப்பதால், 0.9 பார் மூடி உள்ள காரில் 125 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். அதுவரை கொதிக்காமல் இருந்த தண்ணீர் அத்தனையும் அப்போதே கொதித்து, ஆவியோடு முகத்தை நோக்கி வரும். துணி போட்டுப் பிடித்துக்கொண்டு திறந்தால் பரவாயில்லை என்பது தவறான நம்பிக்கை. மேல் ஹோஸை, அதாவது இன்ஜினுக்கும் ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை, கையால் பிசைந்து பாருங்கள். கல் போல இருந்தால் தொடவே தொடாதீர்கள். சாதாரணமாக அமுங்கி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு திறக்கலாம்.

இன்னொன்று, எலக்ட்ரிக் ஃபேன் உள்ள கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். கையை உள்ளே விடுவதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.

வழியிலேயே முள் சிவப்புக்குப் போய்விட்டால்

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வெந்து போகும்தான், ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால், அல்லது பானெட்டிலிருந்து ஆவி வந்தால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும். பல இன்ஜின்களில் ஹெட்டின் பரப்பு 0.05 மில்லிமீட்டர் வளைவதுதான் அனுமதிக்கப்பட்ட எல்லை. தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு அது.

அணைத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். வெந்துகொண்டிருக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிப்பு விடலாம்.

நெரிசலில் சூடாகிறது, ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுகிறது

பழைய கார்களில் அதிகம் பார்க்கும் குணம் இது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டர் வழியாக வந்துவிடும். நிற்கும்போது காற்றை இழுக்க ஃபேன் மட்டும்தான் உண்டு. ஆக, ஓடினால் இறங்குகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் ஏறக்குறைய நன்றாகத்தான் இருக்கிறது, காற்றோட்டத்தில்தான் கோளாறு. ரேடியேட்டரைக் கழற்றும் வேலையை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

எலக்ட்ரிக் ஃபேன் என்றால் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டுக் காத்திருங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச் பெட்டி. பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நலம், கோளாறு சுவிட்சிலோ வயரிங்கிலோ. பழைய கார்களில் ரேடியேட்டரின் அடியிலோ பக்கத்திலோ இரண்டு வயர் வரும் தெர்மோ சுவிட்ச் ஒன்று திருகியிருக்கும். அதன் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் சுவிட்ச்தான் செத்திருக்கிறது. சென்சாரும் இசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஃபேனைக் கட்டுப்படுத்தும் கார்களில் இந்தச் சோதனை வேண்டாம்.

சில மோட்டார்கள் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிட்டால் சுற்றும், இல்லாவிட்டால் சும்மா நிற்கும். கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே என் கதை ஒன்று. என் பழைய கார்புரேட்டர் கார் நெரிசலில் மட்டும் சூடாகும். ஃபேன் சுற்றுகிறது, நல்ல சத்தத்தோடு சுற்றுகிறது, அதனால் ஃபேன் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தெர்மோஸ்டாட் மாற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றி டேங்கைத் திறந்து குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். அப்படியே இருந்தது. கடைசியில் ஒருநாள் வேறு எதையோ தேடி முன்பக்கம் குனிந்தபோது கிரில் வழியாக முகத்தில் அனல் காற்று மாதிரி அடித்தது. காற்று உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே வருகிறது! முன்பு எப்போதோ மோட்டார் மாற்றியவர் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டிருக்கிறார். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் சூட்டையே ரேடியேட்டர் மேல் ஊதிக்கொண்டிருந்தது. வயரை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதிலிருந்து எந்தக் காரானாலும் முதலில் இதைச் செய்துவிடுவேன்: ஃபேன் சுற்றும்போது கிரிலுக்குப் பின்னால் ஒரு தாளைப் பிடிப்பது. தாள் ரேடியேட்டர் பக்கம் இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். படபடத்து வெளியே தள்ளினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஒட்டாமல் தொங்கினால் இழுவை போதவில்லை. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, அதாவது ஷ்ரவுட், உடைந்தோ காணாமலோ போயிருக்கலாம். அந்தக் கூடு இல்லாவிட்டால் இறக்கைக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்று வரும், மூலைகள் சும்மா கிடக்கும். வேலை செய்யும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டாமலே விட்ட கார்களை நிறையப் பார்க்கலாம்.

பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் என்றால் இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். உள்ளே எண்ணெய் இருப்பது போன்ற பிடிமானம் தெரிய வேண்டும். விட்டால் தானாக மூன்று நான்கு சுற்று ஓடினாலோ, நடுக் குமிழைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரிந்தாலோ, ஃபேனின் நடுவில் இருக்கும் கிளட்ச் (கியர் மாற்றும் கிளட்ச் அல்ல) முடிந்தது.

வேகமாகப் போனால், மேடு ஏறினால் சூடாகிறது; நகரத்துக்குள் ஒன்றும் இல்லை

முந்தையதற்கு நேர் எதிர். காற்று ஏராளமாக வருகிறது, ஆனால் இன்ஜின் தரும் சூட்டைச் சுமந்துபோய் வெளியே விட ரேடியேட்டரோ தண்ணீர் ஓட்டமோ போதவில்லை. இங்கே ரேடியேட்டரைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

வெளியிலிருந்து தொடங்குங்கள். ஏசி உள்ள காரில் கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், அதே போன்ற ஏசி பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. வருடக்கணக்கான தூசியும் பூச்சியும் பஞ்சும் அதற்குள் கம்பளிப் போர்வை மாதிரி படிந்திருக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. மேலே இருக்கும் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் ஃபின்கள் மடங்கி, இருந்த காற்றும் அடைபடும். ஃபின்களை விரலால் லேசாகத் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் அந்த ரேடியேட்டர் செத்த ரேடியேட்டர்தான். குழாயிலிருந்து காற்றுக்குச் சூட்டைக் கடத்துவதே அந்த மெல்லிய தகடுகள்தானே.

அடுத்து உட்பக்கம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் பரப்பை ஓரம் முதல் ஓரம்வரை அளந்துகொண்டே வாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைந்து வரும். நடுவே திடீரென்று ஜில்லென்று ஒரு திட்டு வந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைக்கலாம், அதற்கு ஆயுள் உண்டு. அலுமினிய கோரும் பிளாஸ்டிக் டேங்கும் உள்ளதை அப்படிப் பிரித்து மேய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழுத்துப் பழுப்பேறிய பிளாஸ்டிக், மடிப்பைத் திறக்கும்போதே விரிசல் விடும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ஐட்லிங்கில் நன்றாக இருக்கும். யாரையாவது ஆக்சிலேட்டரை 3000 ஆர்பிஎம் வரை அழுத்தச் சொல்லிவிட்டு ஹோஸைக் கவனியுங்கள். சப்பையாக ஒட்டிக்கொண்டால், உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துப் போய்விட்டது, அல்லது ரப்பர் ஊறித் தளர்ந்துவிட்டது. அதிவேகத்தில் மட்டும் சூடாவதற்கு இது பொருத்தமான காரணம், பலர் பார்க்காமல் விடுகிற காரணமும்கூட. பம்ப் பெல்ட் தளர்ந்து வழுக்குவதும் இதே குணத்தைத்தான் காட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய இன்ஜினில் இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலும், அதாவது ஸ்பார்க் தாமதமாக வந்தாலும், இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடினாலும் அப்படித்தான். கூலிங் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால் இவற்றையும் பாருங்கள்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறிவிடுகிறது

முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்கில் அளவு சரியாக இருப்பதை நம்ப வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே விளிம்புவரை நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தண்ணீர் இருக்கிறது, முள் ஏறுகிறது, மேல் ஹோஸ் மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கிறது. கழற்றிச் சோதிப்பது எளிது. நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரையும் போட்டுச் சூடாக்குங்கள். அதன் மேலேயே 82 என்றோ 88 என்றோ அடித்திருப்பார்கள், திறக்க ஆரம்பிக்கும் டிகிரி அது. அந்தச் சூட்டை ஒட்டி அசைய ஆரம்பித்து, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரியில் சுமார் 8 மில்லிமீட்டர் திறந்துவிட வேண்டும். கொதித்த பிறகும் அசையவில்லை என்றால் குப்பையில் போடுங்கள். புதிதாகப் போடும்போது ஓரத்தில் ஆடும் சிறிய ஊசி போன்ற வால்வு மேல்பக்கம் வரட்டும். காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டலாமா என்றால், வேண்டாம். இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிவரும், சூடு முன்னைவிட ஏறும். சூட்டுக்குப் பயந்து கழற்றியவர் சூட்டையே விலைக்கு வாங்கின கதை.

தெர்மோஸ்டாட்டும் நலம் என்றால், சமீபத்தில் யாராவது தண்ணீரை இறக்கி மாற்றினார்களா என்று யோசியுங்கள். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும். ஹீட்டரைப் போட்டால் ஒரு நிமிடம் சூடான காற்று, அடுத்த நிமிடம் குளிர்ந்த காற்று என்று மாறிமாறி வந்தால் அதுவேதான்.

முள் ஏறவே இல்லை, அல்லது குதிக்கிறது

அரை மணி நேரம் ஓடியும் முள் கால்பங்கைத் தாண்டவில்லை, ஹீட்டரிலும் சூடு இல்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. அல்லது முன்னால் வைத்திருந்தவர் கழற்றியே விட்டார்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறிக்கொண்டே வந்த முள் திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் நிம்மதிப்பட வேண்டாம். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கலாம். உடனே நிறுத்துங்கள்.

மிகப் பழைய கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் இரண்டும் ஒன்றாகக் கூடுதலாகக் காட்டும். அந்த இரண்டு மீட்டருக்கும் பொதுவாகச் சுமார் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அது கெட்டால், அல்லது அதன் எர்த் விட்டுப்போனால், கார் சூடாகாமலே சூடாகும்! தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

சூடான இன்ஜினில் ஒழுகும் சொட்டு தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். மிச்சமாக வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பொருக்கு மட்டும் படிந்திருக்கும். அதைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப் ஓரங்கள், பிளாஸ்டிக் டேங்க் மடிப்பு, பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடாக அடித்திருக்கும் கோர் பிளக், வாட்டர் பம்ப். ஒர்க்‌ஷாப்பில் வாட்டர் பாடி என்று சொல்லும் இந்தப் பம்பின் தண்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வர வேண்டும் என்பதற்காகவே வைத்த ஓட்டை. அங்கே ஈரமோ கறையோ தெரிந்தால் பம்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒழுகுகிறதே என்று அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்த காரையும் பார்த்திருக்கிறேன். அடுத்துப் போனது பேரிங்.

காருக்குள் இனிப்பான ஒரு வாடை, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்குப் பனி, கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரம் என்றால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

எங்கும் தெரியவில்லை என்றால் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் காட்டும் முள் உள்ள கைப்பம்ப்) மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து ஒரு கால் மணி நேரம் விடுங்கள். டெஸ்டரின் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. தேடுவதற்கு ஆறிய இன்ஜினே வசதி.

மூடியை மறந்துவிடாதீர்கள். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று அழுத்தம் மிஞ்சும்போது தண்ணீரை ரிசர்வ் டேங்குக்கு விடும். மற்றொன்று இன்ஜின் ஆறும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஓடும்போது ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது, காலையில் ரேடியேட்டர் குறைந்திருக்கிறது, டேங்க் மட்டும் நிறைந்தே இருக்கிறது என்றால் ரப்பர் வெடித்த மூடியோ, ஓட்டையான சிறிய குழாயோதான் காரணம். காலையில் மேல் ஹோஸ் சப்பையாகக் கிடந்தால் அந்த இரண்டாவது வால்வு சிக்கியிருக்கிறது. புது மூடியை வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண் இருக்கட்டும். 0.9 போட வேண்டிய இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் பழைய டேங்கும் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஹெட் கேஸ்கட்தானா?

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் அவசரப்பட்டு முடிவுக்கு வருவதும் இங்கேதான். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் போதும், "ஹெட் கேஸ்கட் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் வெறும் ஈரப்பதம்கூட அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

காலையில், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் இன்னும் சூடேறவே இல்லை, ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ் கல்லாகிவிட்டது என்றால், அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வருகிறது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சமீபத்தில் தண்ணீர் மாற்றியிருந்தால் அடைத்த காற்று கொஞ்ச நேரம் வெளிவரும், அது வேறு. பெட்ரோல் இன்ஜினில் ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றதெல்லாம் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுத்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

தண்ணீரின் நிறம்

துருப் பழுப்பு என்றால் யாரோ வெறும் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். வண்டல் மாதிரி, கூழ் மாதிரி இருந்தால் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு வகைக் கூலன்ட் கலந்திருக்கலாம். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், பச்சைக்கும் சிவப்புக்கும் பொது விதி எதுவும் கிடையாது, கார் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் காரில் இளஞ்சிவப்பு மில்க்‌ஷேக் போல இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்திருக்கிறது. ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள், கியர்பாக்ஸும் சேர்ந்து போகும்.

புதுத் தண்ணீர் நிரப்பும்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம், தனிக் கூலன்ட் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. காரின் மூக்கு சற்றே உயரும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் அதிலிருந்து குமிழியில்லாத தண்ணீர் வரும்வரை திறந்து வையுங்கள். மூடியில்லாமல் இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சடாரென இறங்கும்போது மறுபடி நிரப்பி மூடுங்கள். அடுத்த இரண்டு நாள் காலையிலும் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் குறையும்.

இறக்கிய பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் குழந்தையும் நக்கிவிடும். உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டே அடுத்த வேலை.